கரண்டியில் காய்ச்சிய தாலி

அந்த அக்காவின் வீட்டில் எதுவும் கறையோடு இருந்து நான் பார்த்ததில்லை. சுவரில் மழைத் தண்ணீர் இறங்கிய தடம் இருந்தால் அதன்மேல் ஒரு காலண்டர் தொங்கும். தடம் பெரிதானால் காலண்டரும் பெரிதாகும். நல்ல மழை பெய்த ஒரு வருஷம் அவள் வீட்டுக்குள் பதினோரு காலண்டர், பதினோரு சாமி. பையன் பன்னிரண்டாம் வகுப்பில் ரசவாதப் பாடத்தில் ஃபெயிலான அன்றைக்கு எங்கள் லைன் வீடுகள் முழுக்கக் கேசரி கிளறிக் கொடுத்தாள். நாங்களும் பாஸ் என்று நினைத்து வழித்து வழித்துச் சாப்பிட்டோம். மறுவாரம் அவன் வேப்பந்தட்டையில் மாமன் கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடிப்பதை ஒருத்தி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கேட்டதற்கு, லீவுக்குப் போயிருக்கிறான் என்றாள் அக்கா. அந்த லீவு இன்னும் முடியவில்லை.

வெளிய தெரிய வேணாம். இதுதான் அவள் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. சோறு குழைந்தாலும் அதுதான், புருஷன் அடித்தாலும் அதுதான். சொல்லும்போதே நம் முந்தானையை இழுத்து எதையாவது மூடிவிடுவாள். மூடுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் இழுப்பாள்.

அரியலூருக்குக் கிழக்கே, தங்கம் செய்கிற ஒரு ரசக்கூடத்தின் லைன் வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை உடைத்தால் உள்ளே என்றைக்கோ செத்த கடலின் சங்கும் சிப்பியும் கிடக்கும். அந்தக் கல்லைச் சுட்டுத்தான் முப்பு என்கிற உப்பை எடுக்கிறார்கள். மூசை என்கிற களிமண் குடுவையில் பாதரசத்தையும் முப்பையும் போட்டு வாயை மூடி ஏழு முறை புடம் போட்டால் தங்கம். வெள்ளைக்காரன் கப்பலேறி வந்ததே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு போகத்தான் என்று பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் வரும். தங்கத்துக்காக ஆளை வெட்டிய காலமும் உண்டாம். கேட்டால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஒயருக்கும் கூரைத் தகட்டுக்கும் லாரி லாரியாகப் போகிற சாமான் அது. அதில் தோடு செய்து போட்டுக்கொண்டால் கேலி பண்ணுவார்கள். தாலிக்கு மட்டும்தான் தங்கம், அதுவும் வழக்கத்தை விடக்கூடாது என்பதற்காக.

காற்றில் பாதரசம் இருந்தால் தங்கம் வெளுக்கும். இது ஆறாம் வகுப்புப் பாடம். லைனில் இருந்த இருபத்தெட்டு வீட்டுப் பொம்பளைகளும் இதைப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள்தான். கூடத்தில் உலை வாய்க்கு மேலே ஒரு பொன் தகடு தொங்கும். அது வெளுத்தால் மூசை எங்கோ கசிகிறது என்று அர்த்தம், உலையை அணைத்துவிட வேண்டும் என்பது சட்டம். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன, எங்கள் ஊரில் வெள்ளை என்றால் வேறு கணக்கு. வெளுத்த தாலி புருஷன் உயிருக்கு ஆகாது.

கல்யாணமாகி ஜெயங்கொண்டத்திலிருந்து நான் லைனுக்கு வந்த ஒன்பதாம் நாள் குழாயடியில் குனிந்தபோது தாலி வெளியே விழுந்தது. ஒரு ஓரம் எவர்சில்வர் மாதிரி வெளுத்திருந்தது. அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் குடம் பிடித்துக்கொண்டிருந்த அக்கா என் முந்தானையை இழுத்து மூடினாள். கையைப் பிடித்து அவள் வீட்டு அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். முதலில் ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டி என் கழுத்தில் போட்டாள், தாலியில்லாமல் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது என்று. அதற்கப்புறம்தான் தாலியைக் கழற்றினாள். இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினாள். புகையும் இல்லை, வாசனையும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை கரைந்து மஞ்சள் வந்தது. ஆறவிட்டுப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசித் தேய்த்ததும் பளபளவென்று ஆகிவிட்டது.

"இதுக்குப் போயி அழுவுறியே. வெள்ள கண்ட அன்னிக்கே ஏங்கிட்ட வந்துரு. வெளிய தெரிய வேணாம்."

அழுதுகொண்டே அவள் காலில் விழுந்தேன். என் அம்மாகூட எனக்கு அப்படிப் பார்த்துச் செய்ததில்லை. அன்றைக்கு நாள் முழுக்க வாயில் செம்புக் காசைச் சப்பிய மாதிரி ஒரு ருசி இருந்தது. பயத்தில் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் போல் எல்லாருக்கும் செய்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் வீட்டுப் பின்வாசலில் மஞ்சள் கயிற்றோடு நாலைந்து பேராவது நிற்போம். யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டாள். எந்தத் தாலி யாருடையது என்று அவளுக்குக் கண்ணை மூடித் தடவினாலே தெரியும். அடுப்படி ஜன்னலை மட்டும் திறக்கவே மாட்டாள், ரோட்டில் போகிறவர்கள் பார்த்துவிடுவார்களாம். லப்பைக்குடிக்காட்டிலிருந்து பாத்திர வேன் கொண்டுவரும் பாய் ஒருநாள், "சுத்துப்பட்டுல எந்த ஊருக்குப் போனாலும் தாலிய இப்படி மின்ன மின்னப் பாக்க முடியலம்மா, மாஷா அல்லா, ஒங்க லைன்ல மட்டும் நேத்துக் கட்டுன மாரி இருக்கு" என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினோம்.

அவள் புருஷன் கூடத்தில் உலை மேஸ்திரி. ஒருதரம் என் தாலியைத் தேய்த்துக்கொண்டே அவள் சாதாரணமாகச் சொன்னாள். "எங்க வூட்டுக்காரரும் அங்க இதத்தான் பண்றாரு. காலையில போனதும் மொத வேலயா அந்தத் தகட்ட மாத்திப்புடுவாரு. மேல இருக்கறவங்க வரப்ப வெள்ளையாத் தொங்குனா நல்லாவா இருக்கும்?" புருஷன் கெட்டிக்காரன் என்கிற பெருமை அவள் குரலில் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தால் என் கழுத்தை நானே திருகிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு மூசை அடுக்கும் வேலை. அதிர்ந்து பேசாத மனுஷன், கள்ளைக்கூட மோந்து பார்க்காதவர். மூன்றாம் வருஷம் ஈறில் ரத்தம் வந்தது. நாலாம் வருஷம் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, நான்தான் போட்டுவிடுவேன். டம்ளரை எடுத்தால் பாதிக் காப்பி மடியில் கிடக்கும். அதற்கு என்மேல் எரிந்து விழுவார், அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவார். அக்கா இதைப் பார்த்துவிட்டு மூடி போட்ட டம்ளர் ஒன்று வாங்கிவந்து கொடுத்தாள். சிந்தினால் வெளியே தெரியாது பார் என்றாள்.

அந்தச் சமயத்தில் பெரம்பலூருக்கு ஒரு ரசவாத ஆபீசரம்மா வந்திருந்தது. சின்ன வயசுதான். கூடத்துத் தகட்டை நம்பாமல் லைன் வீடுகளுக்கு நேரில் போய்ப் பொம்பளைகள் கழுத்தில் இருப்பதைப் பார்க்கிறது என்று பேச்சு வந்தது. அப்படிப் பார்க்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறதாம். ஏழெட்டு வீட்டில் வெள்ளை இருந்தால் உலையை நிறுத்தி, வேலைக்காரர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மூசையிலிருந்து வேறு வேலைக்கு மாற்றியாக வேண்டும். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு தெளிவு வந்தது.

"அந்தம்மா வந்தா நீ காட்டிடு. மத்தவங்க காட்டுனா காட்டட்டும், காட்டாட்டிப் போவட்டும். என்ன மூசையிலேர்ந்து மாத்திவுட்டாப் போதும், பொழச்சுக்குவேன்."

காட்டுகிறேன் என்று அவர் தலையில் கைவைத்துச் சொன்னேன். பதினைந்து நாள் நான் அக்காவின் பின்வாசலுக்குப் போகவில்லை. தாலி நன்றாக வெளுத்தது. ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அந்தம்மா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கூடத்து ஆபீசில் உட்காரவைத்து டீயும் வடையும் கொடுத்து நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்களாம். அந்த இடைவெளியில் மேஸ்திரி வீட்டுக்குச் சேதி வந்துவிட்டது. அக்கா ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் கயிறுகளை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஓடினாள். கல்யாணத்துக்கு அழைக்க வருகிற மாதிரி இருந்தது. ஒவ்வொருத்தியும் கழுத்தில் கயிற்றை வாங்கிக்கொண்டு தாலியைத் தாம்பாளத்தில் போட்டாள். என் வாசலுக்கு வந்தபோது தாம்பாளம் நிறைந்திருந்தது. அத்தனையும் வெள்ளை.

நான் குடுக்கலக்கா என்றேன். அவருக்கு வாக்குக் கொடுத்திருப்பதையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"வெளுத்த தாலிய ஒரு பொம்பள வெளியாளுக்கு எடுத்துக் காட்டுவாளாடி? அத ஒருத்தி கையில வாங்கிப் பாத்து, நோட்டுல எழுதி, இன்ன வூட்டுத் தாலி வெள்ளன்னு ஊரு பூரா படிச்சிட்டாங்கன்னா அப்பறம் அவரு உசுரு நிக்குமா? நான் காப்பாத்துறேங்கறேன். குடு."

கொடுத்துவிட்டேன். இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவள் பிடுங்கினாள் என்று, நான் மயங்கிப்போனேன் என்று. எதுவும் இல்லை. பயந்து போய் நானே கழற்றிக் கொடுத்தேன். என் ஆறாம் வகுப்புப் படிப்பு அந்த ஒரு சொல்லுக்குமுன் நிற்கவில்லை.

ஜன்னல் சாத்திய அடுப்படியில் ஒற்றை ஆளாக நின்று அத்தனை தாலியையும் காய்ச்சினாள். ஆபீசரம்மா லைனுக்குள் நுழைந்தபோது நாங்கள் எல்லாரும் வாசலில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தோம். அக்கா மட்டும் தன் தாலியைக் காட்டவில்லை, கழுத்தில் அம்மைப் புண் என்று துணியைச் சுற்றிக்கொண்டாள். ஊராரின் தாலியைக் காய்ச்சியதில் தன்னுடையதற்கு நேரம் இல்லை.

அந்தம்மா என் தாலியை உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்தது. அடுப்புச் சூடு அதில் இன்னும் கொஞ்சம் இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எதாவது சொல்லணுமாம்மா?" என்றது.

"ஒண்ணுமில்லீங்க."

உள்ளே கட்டிலில் இருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மா போனபிறகு, காட்டினியா என்று கேட்டார். பாத்தாங்க என்றேன். மூடி போட்ட டம்ளரை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எட்டு மாதம் இருந்தார்.

சாவு வீட்டில் அக்காதான் எல்லாம். தண்ணீர் இறைத்தாள், வந்தவர்களுக்குச் சோறு வடித்தாள், என்னைக் குளிப்பாட்டி உட்காரவைத்தாள். தாலியைக் கழற்றிப் பாலில் போடும் சடங்கின்போது அது மறுபடியும் முழுசாக வெளுத்திருந்தது. பால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா என் காதுக்குக் கிட்டே வந்து, "செத்த இரு, மஞ்சளாக்கிக் கொண்டாந்துடறேன், எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். எனக்கு அப்போது எது எப்படிப் போனால் என்ன. எடுத்துக்கொண்டு போனாள். புருஷன் செத்த பிறகும் என் தாலி புதுசாகத்தான் பாலுக்குள் போனது.

என் வீட்டுக்காரர் குடியால் ஈரல் கெட்டுச் செத்தார் என்று கூடத்து டாக்டர் எழுதிக் கொடுத்தார். கள்ளை மோந்து பார்க்காத மனுஷனை. அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போய் அதே ஆபீசரம்மா முன்னால் நின்றேன். கரண்டி, கயிறு, தாம்பாளம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில் அந்தம்மா, தாலி எங்கே என்று கேட்டது. கொண்டுபோன டப்பாவைத் திறந்து வைத்தேன். மஞ்சளாக மின்னியது.

"நீங்க சொல்றது நெசம்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா இது வேற சொல்லுதே. சட்டம் இதத்தான் நம்பும்."

ஆறு மாதத்தில் அந்தம்மாவை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பேப்பரில் இன்றைக்கும் குடிகாரர்.

லைனைக் காலி பண்ணுகிற அன்று அக்காவிடம் போய் வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். நீயும் உன் புருஷனும் சேர்ந்துதான் அவரைக் கொன்னீங்க என்றும் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று. "நல்லதுதானடி பண்ணுனேன்" என்றாள். இதில் வேதனை என்னவென்றால் அவள் பொய் சொல்லவில்லை. மேஸ்திரி செய்தது வேலைக்காக. இவள் செய்தது எங்கள்மேல் இருந்த பாசத்தால். அவனை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரி கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து ஒரு நாள் ஓ.பி. சீட்டோடு அவளே வந்து நின்றாள். பல் பாதி இல்லை. சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். உட்காரவைத்து டீ கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை. இப்பதான் குடிச்சேன் என்றாள். கை இரண்டும் புடவைக்குள் இருந்தன. புடவை ஆடிக்கொண்டிருந்தது. சாகிறவரைக்கும் ஒரு மனுஷனுக்குப் பொத்தான் போட்டுவிட்டவளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டுமா? ஜன்னலைச் சாத்திக்கொண்டு இத்தனை வருஷம் எங்கள் தாலியிலிருந்து கிளப்பிவிட்டதை எல்லாம் அவள்தானே மூச்சில் இழுத்திருக்கிறாள்.

அவள் முதுகு கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். டபராவில் ஆற்றி வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். குடித்து முடித்ததும் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, யாரும் பாக்கலல்ல என்று கேட்டாள். இல்லக்கா என்றேன். கரண்டி பிடித்து இரண்டு வருஷம் ஆகிறது, லைனில் எல்லாரும் வெளுத்த தாலியை ஜாக்கெட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று அவள் வருத்தப்பட்டாள். தன் வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போன மாசி மாதம் செத்துப்போனாள். சேதி கேட்டு முதல் பஸ்ஸில் போனேன். குளிப்பாட்டிப் பட்டுப்புடவை கட்டி, நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமுமாகக் கிடத்தியிருந்தார்கள். புருஷன் இருக்கப் போனவள், கொடுத்து வைத்தவள் என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். கழுத்து வரைக்கும் புடவையை இழுத்து மூடியிருந்தது. சுமங்கலியின் தாலியை வெளியே எடுத்துப் போடுவதுதான் வழக்கம். யாரும் செய்யவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். லைனுக்கே மஞ்சளாக்கிக் கொடுத்தவளுக்கு, கை போன பிறகு, மஞ்சளாக்க ஆள் இல்லை.

ஒரு கிழவி என் பக்கத்தில் வந்து, எடுத்துக்கிட்டுப் போயி அடுப்புல காட்டிக் கொண்டாந்துரு, ஒனக்குத்தான் பக்குவம் தெரியும் என்றாள். தாலி அறுத்தவள் இதைத் தொடலாமா என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

நான் புடவையை விலக்கித் தாலியை எடுத்து அவள் நெஞ்சுக்கு மேலே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்படி ஒரு வெள்ளை. மேஸ்திரி எழுந்து வந்தார். அவர் தாடையும் ஆடிக்கொண்டிருந்தது. புடவையை இழுத்து மூடினார். நான் மறுபடி விலக்கினேன். அவர் மறுபடி மூடினார். மூன்றாம் தரம் விலக்கியபோது அவர் அங்கேயே உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். அப்படியே திறந்தபடிதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், லைன் வாசல் வழியாக, ரோட்டில் போகிற எல்லாரும் பார்க்க. அவளுக்கு எது ஆகவே ஆகாதோ அதை அவளுக்கே செய்தேன். என் வீட்டுக்காரருக்குச் செய்திருக்க வேண்டியது. காலம் கடந்து ஆள் மாற்றிச் செய்தேன்.

குளித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பியபோது பின்வாசல் பக்கம் ஒரு பெண் காத்துக்கொண்டு நின்றது. லைனுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத புதுப்பெண். கையில் மருதாணி மிச்சம் இருந்தது. காலையில் நான் செய்ததை எல்லாம் முன்வரிசையில் நின்று பார்த்தவள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சங்கிலியைக் கொஞ்சமாக இழுத்துக் காட்டினாள். ஓரம் வெளுத்திருந்தது.

"அக்கா, இத மஞ்சளாக்க ஒங்களுக்குத் தெரியுமாமே?"

"தெரியாது. அப்படியே பெரம்பலூர் ஆபீசுக்குப் போயி காட்டு" என்றேன்.

அவள் நம்பவில்லை. சங்கிலியை உள்ளே போட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.